இருபத்தேழரை நிமிஷம்

கிருபைவிளை சபைச் செயலாளர் தேவஇரக்கம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆண்டவரிடம் கத்தரிக்காய் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

நடந்தது இதுதான். வருகிற சனிக்கிழமை சபையில் அசனம். வருஷத்துக்கு ஒருநாள், சாதி சமயம் பார்க்காமல், ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் ஒரே சோற்றுக் குவியலிலிருந்து சாப்பிடுகிற நாள். மூவாயிரம் பேருக்குச் சோறு. கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. அதற்கான கமிட்டிக் கூட்டத்தை வழக்கம்போல ஜெபத்தோடு ஆரம்பிக்க தேவஇரக்கம் எழுந்தார். கண்ணை மூடினார்.

"எங்கள் நல்ல பரம பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். இந்தக் கூட்டத்துக்காக ஸ்தோத்திரம். கத்தரிக்காய்க்காக ஸ்தோத்திரம். நூத்தம்பது கிலோ. பிஞ்சா இருக்கணும். வெள்ளிக்கிழமை காலைல வந்துரணும். சொத்தை இருந்தா அப்படியே திருப்பி அனுப்பிருவோம். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

பொருளாளர் சுவாமிதாஸ் மட்டும், மூக்கு வழியாகவே வருகிற தன் குரலில், போன வருஷம் வந்ததிலும் பாதி சொத்தைதான் என்று சேர்த்துக்கொண்டார். ஆமெனுக்குப் பிறகு சொன்னது ஜெபத்தில் சேருமா சேராதா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஒருவருக்கு உறைத்தது. அவர் சிரிக்க, பக்கத்தில் இருந்தவர் சிரிக்க, கடைசியில் பெஞ்சே குலுங்கியது. தேவஇரக்கமும் சேர்ந்து சிரித்தார். பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார். பாதி வழியில் சிரிப்பு நின்றது. பைக்கும் நின்றது. அவர்தான் நிறுத்தினார்.

சனிக்கிழமை அசன ஜெபத்தையும் அவர்தான் பண்ண வேண்டும்.

அது சபைப் போதகரான ஐயருடைய வேலை. ஐயர் பிரசங்கம் பண்ணினால் "பிரியமானவர்களே" என்ற ஒரு சொல்லை மேடையிலிருந்து கடைசிப் பெஞ்சுவரைக்கும் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு போவார். போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து இழுத்ததில் தொண்டை அறுந்துவிட்டது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஐயர் கழுத்தில் மஃப்ளர், கையில் ஒரு சிலேட்டு. கூட்டம் முடியும்போது அந்தச் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'அசன ஜெபம் நீங்க பண்ணுங்க.'

மூவாயிரம் பேருக்கு முன்னால், மைக்கில், கத்தரிக்காய் வந்துவிட்டால் என்ன செய்வது? இது தேவஇரக்கத்துக்கு வந்த முதல் பயம்.

இரண்டாவது பயம் கொஞ்சம் மெதுவாக வந்தது. அந்த ஜெபத்திலிருந்து கத்தரிக்காயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருந்தது?

யோசித்துப் பார்த்தார். கடைசியாக ஆண்டவரிடம் உண்மையாக ஒரு வார்த்தை பேசியது எப்போது? பால் சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடக் கமிட்டி ஞாபகம் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் கட்டியது, செங்கல் எண்ணிக்கையோடு ஞாபகம் வந்தது. ஆண்டவரிடம் பேசியது மட்டும் வரவில்லை.

பைக்கைத் திருப்பி பெர்சியாள் சிஸ்டரிடம் போனார்.

பெர்சியாள் சிஸ்டர் ஊருக்கு நர்சு. வயது நாற்பத்திரண்டு. தேவஇரக்கத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். சுற்றி நாலு தெருவிலும் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், சர்க்கரைக்காரர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் எல்லாரும் அவர் கணக்கு. உடம்புக்கு மாத்திரை வாங்கப் போனவர்கள் மனதில் இருப்பதையும் கேட்டுவிட்டு வருவார்கள். சிஸ்டர் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். பாடகர் குழுத் தலைவர் ஒருமுறை, மாமியார்மேல் அன்பு வரவே மாட்டேங்குது என்று போய் நின்றார். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கையில் கொடுத்து, ஒரு மாதம் தினமும் மாமியாருக்குப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மாதம் முடிந்ததும் கருவியைத் திருப்பிக் கேட்டபோது, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் சிஸ்டர் என்றார் அவர். இப்போதும் அது அவர் வீட்டில்தான் இருக்கிறது.

தேவஇரக்கம் போனபோது சிஸ்டர் சுகாதார நிலையத்தில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார்.

கத்தரிக்காய்ச் செய்தி இவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. அதுவே தேவஇரக்கத்துக்குப் பாதி ஆறுதல். காலை நாலு மணிக்கு எழுந்தால் பால் சங்கம் என்றும், அதற்குப் பிறகு ஃபோன் என்றும், கண்ணை மூடினால் பாத்திரக் கடை, பந்தல்காரர், சமையல்காரர் என்று வரிசையாக வந்து நிற்கிறார்கள் என்றும், ஆண்டவர் அந்த வரிசையில் எத்தனையாவது ஆள் என்றே தெரியவில்லை என்றும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"அவருக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும், சிஸ்டர். ஆனா அவரு எங்க இருக்காருன்னுதான் தெரியல."

சிஸ்டர் பஞ்சைச் சுருட்டி முடித்தார்.

"சனிக்கிழமைக்குள்ள எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லித் தாங்க."

"உங்களுக்குத் தெரியாததா, அண்ணாச்சி."

"நீங்க என்னவிட அதிகமா ஓடுதீங்க. ஆனா உங்களுக்கு மட்டும் மூச்சு வாங்கல. எப்ப உட்காருதீங்க, எப்ப ஜெபம் பண்ணுதீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு என்கூட வாங்க" என்றார் சிஸ்டர். "பாத்துக்கிடுங்க."

வியாழக்கிழமை. அசனத்துக்கு இரண்டே நாள். யாராவது கேட்டால் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். ஆனாலும் தேவஇரக்கம் போனார். கையில் ஒரு நோட்டு கொண்டுபோனார். அதில் கோடு போட்டு, 'வீடு', 'வேலை', 'நேரம்', 'அமைதி நேரம்' என்று நாலு கட்டம் பிரித்திருந்தார். அவர் பிரிக்காத கட்டம் சபையில் கிடையாது.

அன்றைக்கு இருபத்திரண்டு வீடு.

முதல் வீடு தங்கப்பழம் பெரியவர். காலில் ஆறாத புண். புண்ணுக்கு மருந்து வைக்கப் பத்து நிமிஷம். அவர் இலங்கையில் கடை வைத்திருந்த கதைக்கு இருபது நிமிஷம். அந்தக் கதை தேவஇரக்கத்துக்கே மனப்பாடம். "அங்க கொழும்புல பாத்தீங்கன்னா" என்று அவர் ஆரம்பிக்கும்போதே இவருக்குக் கால் பரபரத்தது. சிஸ்டர் அந்தக் கதையை இன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறவர் மாதிரி கேட்டார். நடிக்கவில்லை. நடிப்பா என்று தேவஇரக்கம் உற்றுப் பார்த்தார். இல்லை.

இரண்டாவது வீட்டில் மூன்று மாசக் கர்ப்பிணி ஒருத்தி, எதைத் தின்றாலும் வாந்தி. மூன்றாவது வீட்டில் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற கிழவி. ஒவ்வொரு வீட்டிலும் சிஸ்டர் அந்த வீட்டைத் தவிர உலகத்தில் வேறு வீடே இல்லை என்பதுபோல இருந்தார். எப்படி இது முடிகிறது என்று தேவஇரக்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு ஒரு வீட்டில் இருக்கும்போதே அடுத்த மூன்று வீடுகள் மண்டைக்குள் கதவைத் தட்டும்.

ஒன்றே ஒன்றுதான் அவரால் தாங்க முடியவில்லை. சிஸ்டரின் செருப்பு.

கறுப்புத் தோல் செருப்பு. ஒவ்வொன்றிலும் குதிகாலைச் சுற்றி வந்து பக்கிளில் மாட்டுகிற ஒரு வார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிஸ்டர் குனிவார், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றுவார், இடது வாரை அவிழ்ப்பார், வலது வாரை அவிழ்ப்பார், இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைப்பார், அப்புறம்தான் எழுந்து உள்ளே போவார். வெளியே வந்ததும் மறுபடியும் குனிவார்.

தேவஇரக்கம் போட்டிருந்தது மாட்டுகிற செருப்பு. நடந்துகொண்டே உதறுவார். ஒன்று வாசலிலும் இன்னொன்று எதிர்வீட்டுக் கோழிக்கூண்டு பக்கத்திலும் போய் விழும். திரும்பி வரும்போது யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். ஊரில் அதற்குப் பழகியிருந்தார்கள்.

ஐந்தாவது வீட்டிலிருந்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கழற்ற நாற்பது விநாடி. மாட்ட முப்பத்தைந்து விநாடி. ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை.

பதினொன்றாவது வீடு பொன்னுத்தாய் ஆச்சி. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிஸ்டர் ஆச்சியின் உதட்டைப் பஞ்சால் நனைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கண் கலங்கியிருந்தது. குனிந்தார். வாரை மாட்டினார். பக்கத்து வீடுதான் பன்னிரண்டாவது. பதினைந்து எட்டு வைத்தால் போதும். அங்கே மறுபடியும் குனிந்தார். வாரைக் கழற்றினார்.

பன்னிரண்டாவது வீட்டில் ஜெனிலா என்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். உள்ளே போன சிஸ்டரின் முகம், இப்போதுதான் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டு, யாரு சாயலு, அப்பன் மூக்கா, அம்மை மூக்கா என்று கேட்டார். ஜெனிலா சிரித்தாள்.

தேவஇரக்கம் நோட்டில் எழுதினார்: 'மறுபடியும் எழுபத்தைந்து விநாடி. பக்கத்து வீடுதானே. செருப்பு எதுக்கு?'

சாயங்காலம் சுகாதார நிலையத்துக்குத் திரும்பினார்கள். நோட்டில் மூன்று கட்டம் நிரம்பியிருந்தது. 'அமைதி நேரம்' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது.

"சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க எப்பத்தான் ஜெபம் பண்ணுதீங்க?"

"பாக்கலியா?"

"கண்ணை எடுக்கவே இல்லையே நான்."

"அப்ப என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்க."

தேவஇரக்கம் நோட்டைப் புரட்டினார். வேலையாக ஏதாவது கேட்டால்தான் அவருக்கு உற்சாகம் வரும். இருபத்திரண்டு வீடு. வீட்டுக்கு எழுபத்தைந்து விநாடி. பெருக்கி, அறுபதால் வகுத்து, அடியில் இரட்டைக் கோடு போட்டு நீட்டினார்.

"இருபத்தேழரை நிமிஷம், சிஸ்டர். வெறும் செருப்புக்கே. மாட்டுற செருப்பு ஒண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா இருபத்தேழரை நிமிஷமும் மிச்சம். அதை அப்படியே ஆண்டவருக்குக் கொடுத்திரலாம்."

சிஸ்டர் அந்த நோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியா, அண்ணாச்சி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கத்தரிக்காய் வந்தது. பிஞ்சாகவே வந்தது. அது ஜெபம் கேட்கப்பட்டதனாலா, கடைக்காரரை மூன்று தடவை ஃபோனில் மிரட்டியதனாலா என்று சுவாமிதாஸ் மூக்கால் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தேவஇரக்கம் ஒரு அட்டைப் பெட்டியோடு பைக்கில் பறந்தார். பெட்டிக்குள் புதுச் செருப்பு. வார் கிடையாது, பக்கிள் கிடையாது. காலை விட்டால் உள்ளே, உதறினால் வெளியே.

சிஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மறுக்கவில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டார்.

"சரி. இன்னைக்கு உங்க வழியில போய்ப் பாக்கேன். என் பழைய செருப்பைப் பத்திரமா வச்சிருங்க."

தேவஇரக்கம் அதைப் பைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு கோயில் வளாகத்துக்குப் போனார். பந்தலுக்குக் கால் ஊன்றுகிற இடம், அடுப்பு வெட்டுகிற இடம், அண்டா இறக்குகிற இடம் என்று அங்கும் இங்கும் ஓடினார். மைக்செட் இசக்கி கூம்புக் குழாயைத் தென்னையில் கட்டிவிட்டு, "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று ஊருக்கு எண் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். த்ரீக்குப் பிறகு நாலு வந்ததாகச் சரித்திரமில்லை.

மத்தியானம் செய்தி வர ஆரம்பித்தது. சிஸ்டர் இன்னைக்கு ரொம்ப வேகம், பன்னிரண்டு மணிக்கே பத்து வீடு முடிச்சிட்டாங்க என்றார் பால்காரர். தேவஇரக்கம் மனதுக்குள் ஒரு 'சபாஷ்' போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், கொழும்புக் கதையைச் சிஸ்டர் பாதியில் வெட்டிவிட்டார் என்று தங்கப்பழம் பெரியவர் சாப்பிடாமல் இருக்கிறாராம் என்று ஒருவர் வந்து சொன்னார். தேவஇரக்கம் 'சபாஷ்' போடவில்லை.

அப்புறம் ஃபோன் வந்தது. ஜெனிலாவின் புருஷன். "மாமா, பிள்ளைக்கு ஏதோ இருக்கு போல. சிஸ்டர் உள்ள வந்த முகத்தைப் பாத்ததும் இவ அழ ஆரம்பிச்சவ நிறுத்த மாட்டேங்கா. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

தேவஇரக்கம் பைக்கை எடுத்தார்.

சிஸ்டர் சுகாதார நிலையத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதுச் செருப்பு, ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து.

"பிள்ளைக்கு என்ன, சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல. திரும்பப் போயி சொல்லிட்டு வந்துட்டேன். பிள்ளை நல்லா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பொன்னுத்தாய் ஆச்சி வீட்டுல இருந்து அதே முகத்தோட அங்க போயிட்டேன். முகத்தை மாத்த வழியில இடம் கிடைக்கல."

தேவஇரக்கம் வழக்கம்போல வேலையைப் பற்றிக் கேட்டார்.

"இருபத்தேழரை நிமிஷம் மிச்சமாச்சா?"

"ஆச்சு. இப்ப அதுலதான் உட்காந்திருக்கேன்."

"ஜெபம் வருதா?"

"நாளைக்கு எத்தனை வீடுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி. என் செருப்பைக் கொடுங்க."

தேவஇரக்கம் கைப்பிடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் குனிந்து ஒரு முட்டியை ஊன்றினார். தேவஇரக்கத்துக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. விரல்களைப் பார்த்தார். அந்த விரல்கள் கண்ணின் உதவியில்லாமலே பக்கிளைக் கண்டுபிடித்தன. கம்பியைத் துளையில் விட்டன. எல்லாம் இரண்டு விநாடி. காலுக்கு இரண்டு, ஆக நாலு விநாடி. வருஷக்கணக்காக மாட்டிக் கழற்றுகிற வார். விரலுக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி.

அப்புறமும் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே இருந்தார். கண் மூடியிருந்தது.

நாலு விநாடி வேலைக்கு முப்பத்தைந்து விநாடி ஏன் ஆகிறது என்று நேற்று இந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று தோன்றியது. கேட்கவில்லை. புதுச் செருப்பைப் பெட்டிக்குள் ஜோடியாக வைத்து மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை விடிவதற்குள் அடுப்பு எரிந்தது. பதினொரு மணிக்குச் சோறு வடித்தாயிற்று. பந்தலில் புதுப்பாய் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சோறு ஆள் உயரத்துக்குக் குவிந்து, ஆவி பந்தல் கூரையைத் தொட்டது. அந்தப் பந்தலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. ஐயரானாலும் ஆபீசரானாலும் படியிலேயே விட்டுவிட வேண்டும். அது கிருபைவிளையில் எந்தக் காலத்திலோ வந்த வழக்கம்.

மூவாயிரம் பேர். நார்ப்பெட்டி, தூக்குவாளி, எவர்சில்வர் சட்டி. மணி அடித்தாயிற்று. ஜெபம் முடிந்தால்தான் கரண்டி இறங்கும்.

செயலாளரைக் காணோம்.

தேவஇரக்கம் குழம்புப் பக்கம் உப்புத் தகராறைத் தீர்த்துவிட்டு, தண்ணீர் லாரிக்காரரை வழி மாற்றிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். "சபைச் செயலாளர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று இசக்கியின் குரல் எட்டுத் திசைக்கும் போனது. "எங்கிருந்தாலும் வரவும். எங்கிருந்தாலும்." படியில் கால் வைத்தார். ஒரு செருப்பை உதறினார். அது போய்ப் பாத்திரக் கும்பலுக்குள் விழுந்தது. அடுத்ததை உதறக் காலைத் தூக்கும்போது, "அண்ணாச்சி" என்று ஒரு குரல்.

பெர்சியாள் சிஸ்டர். ஒரு கையால் தோளோடு அணைத்தபடி ஜெனிலாவின் பிள்ளை. இன்னொரு கையில் தங்கப்பழம் பெரியவருக்காக ஒரு தூக்குவாளி, பொன்னுத்தாய் ஆச்சி வீட்டாருக்காக ஒரு நார்ப்பெட்டி. காலில் பழைய செருப்பு.

"கை ரெண்டும் சும்மா இல்ல, அண்ணாச்சி. இந்த வாரைக் கொஞ்சம் அவுத்து விடுங்க."

தேவஇரக்கம் படியைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மூவாயிரம் பேரும் அவரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் சுவாமிதாஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். ஐயர் சிலேட்டோடு நின்றார். பிள்ளையை வாங்கிக்கொள்ள எத்தனையோ கைகள் இருந்தன. வாளியை வாங்கவும் இருந்தன. சிஸ்டர் அந்தக் கைகள் எதையும் பார்க்கவில்லை.

அவர் முட்டியை ஊன்றினார்.

பக்கிள் சின்னது. அவர் விரல் தடிமன். முதல் வாரில் கை வைத்தபோது மண்டைக்குள் உப்பு, தண்ணீர் லாரி, இரண்டாம் பந்திக்கு இலை. அவசரப்பட்டு இழுத்தார். வார் வரவில்லை. இன்னும் இழுத்தார். இன்னும் இறுகியது. இழுப்பதை நிறுத்தினால்தான் கம்பி துளையிலிருந்து வெளியே வரும் என்று விரலுக்கே தெரிய வேண்டியிருந்தது. நிறுத்தினார். வந்தது.

இரண்டாவது வாருக்கு வந்தபோது, சோற்று வாசனை தெரிந்தது. காலையிலிருந்து அந்தச் சோற்றைச் சுற்றித்தான் ஓடுகிறார். இப்போதுதான் மூக்குக்கு எட்டியது. தலைக்கு மேலே பிள்ளை ஒரு சத்தம் கொடுத்தது. செருப்பின் ஓரத்தில், எல்லா வீட்டு வாசல் மண்ணும், செம்மண், தேரிமணல், சாணம் மெழுகிய மண், வரிவரியாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வார் எப்போதோ அவிழ்ந்துவிட்டது. கை அங்கேயே இருந்தது. சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

இசக்கி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். முதல் தடவையாக.

எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருக்கக் கூடிய ஒரே ஆள் முட்டிபோட்டுக் குனிந்திருந்தார்.

அப்புறம் சிஸ்டரின் செருப்பிரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தார். தன் காலில் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையால் கழற்றி, அதன் பக்கத்தில் வைத்தார். எழுந்து, சோற்றுக்கு முன்னால் போய் நின்றார். மைக் வந்தது.

"ஆண்டவரே" என்றார் தேவஇரக்கம். குவிந்திருந்த சோற்றைப் பார்த்தார். "சோறு சூடா இருக்கு. பிள்ளைகள் பசியா இருக்காங்க. நீரும் இங்கதான் இருக்கீர். ஆமென்."

"ஆமென்" என்றது ஊர்.

அவ்வளவுதானா என்று சுவாமிதாஸ் முணுமுணுத்தார். இசக்கி "ஹலோ" என்றுகூடச் சொல்லாமல் மைக்கை எடுத்துக்கொண்டு போனார். ஐயர் சிலேட்டில் என்னவோ எழுதி உயர்த்திக் காட்டினார். முன்வரிசை படித்துவிட்டுக் குலுங்கியது. 'கத்தரிக்காய் இல்லை. ஸ்தோத்திரம்.'

கரண்டி இறங்கியது.

எல்லாரும் சாப்பிட்டு, பந்தல் காலியாகி, கடைசி அண்டாவைக் கவிழ்த்த பிறகு தேவஇரக்கம் படிக்கு வந்தார். பாத்திரக் கும்பலில் விழுந்த செருப்பை யாரோ தேடி எடுத்து, மற்றதோடு சேர்த்து வைத்திருந்தார்கள். சிஸ்டர் அங்கே உட்கார்ந்து, பெரியவர் வீட்டுக்கும் ஆச்சி வீட்டுக்கும் கொண்டுபோகிற சோற்றுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததெல்லாம் தேவஇரக்கத்துக்கு மறந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஜெபம் சரியா இருந்துச்சா, சிஸ்டர்?"

சிஸ்டர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதைக் கேக்கீங்க, அண்ணாச்சி? மைக்ல பண்ணினதையா, படியில பண்ணினதையா?"